பாலாடையில் அளந்த தண்ணீர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். முதலிலேயே மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வண்டியின் டிரிப் நோட்டில் ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும்தான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். என் மகள் படித்துப் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இதில் அவளும் வருகிறாள், ஐந்து நாள் குழந்தையாக.

பிரசவமான பெண்களுக்கு வரும் பக்கவாதத்தைப் பற்றி நர்சுகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்கள் பார்த்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. புத்தகம் என்னுடைய இரண்டு பக்கம் இல்லாமலேயே வந்துவிட்டது. எழுதத் தெரியாததால் தாமதம் என்று அவரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பேசாத ஆள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் கூட நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருவேன். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் யாரும் நம்மைப் பேசச் சொல்லமாட்டார்கள் என்பதாலேயே டிரைவர் வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஜல்லி லாரி, பிறகு கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். 2001இல் செங்கல்பட்டில் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வேனுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வேனில்தான் டாக்டரம்மா வருவார். மூளை டாக்டர். அவருடைய அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, அதனால் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவர். நாற்பது வயது இருக்கும், பேச்சில் அவசரமே இருக்காது. மாதம் இரண்டு முறை ஏதாவது ஓர் ஊரின் சுகாதார நிலையத்துக்குப் போவோம். அந்த வட்டாரத்து நர்சுகள், கம்பவுண்டர்கள், சின்ன கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் என இருபது முப்பது பேர் கூடுவார்கள். பக்கவாதம் என்றால் வயசான ஆண்களுக்கு வருவது என்றுதான் அவர்கள் எல்லோருக்கும் மனசில் இருந்தது. இருபது வயசுப் பெண்ணுக்கும் முப்பது வயசுப் பெண்ணுக்கும் கூட வரும், அது வரும் முன் உடம்பு சில அடையாளம் காட்டும், அதை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள் என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர் ஊர் ஊராகப் போனார்.

பெட்டியைச் சுமந்து போய், ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்லைடு மெஷினை ஓட்டுவது என் வேலை. அவர் "அடுத்தது" என்றால் நான் பித்தானை அமுக்குவேன். கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் நிற்பதால் என்னை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் எனக்குப் படம் நன்றாகத் தெரியும். மண்டைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் படம் ஒன்று வரும். சிவப்பில் ஒரு கூட்டம், நீலத்தில் ஒரு கூட்டம். அந்த நீலக் குழாய்கள் எதற்கு என்று எனக்குப் பல நாள் யோசனை. ரத்தம் மேலே ஏறுவதற்கு ஒரு வழி போதாதா? கேட்க வாய் வராது.

ஒருநாள் ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

"இன்னா டிரைவரண்ணா, ஆளு சிரசாசனம் பண்றானா?" என்று ஒரு நர்சு கேட்க, அறையே சிரித்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

"பரவாயில்ல, தலைகீழா போட்டாலும் அடைப்பு அடைப்புதான்" என்றார் டாக்டரம்மா. அதற்கும் சிரித்தார்கள்.

சிரிக்காத கூட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. தலைவலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கம்பவுண்டர் எழுந்து, "பொம்பளைக்குத் தலைவலின்னா வூட்டுக்கு மாமியார் வந்துகீறான்னு அர்த்தம் மேடம். ஒரு மாத்திர குடுத்து, பஸ் ஏறி அம்மா வூட்டுக்குப் போன்னு சொன்னா சரியாயிடும்" என்றார். பெண்களே அதிகமாகச் சிரித்தார்கள். நான் மட்டும் பித்தானில் கை வைத்தபடி நின்றேன். அதே மாதிரி ஒரு வார்த்தையை நான் முன்பே ஒரு கிளினிக்கில் கேட்டிருந்தேன்.

நீலக் குழாய்க்குப் பதில் கிடைத்தது திருக்கழுக்குன்றம் சாலையில். வேன் இழுக்காமல் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். என்ன கோளாறு என்று கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்டால் எனக்கு எப்படியோ பேச்சு வந்துவிடும்.

"டேங்குலேந்து டீசல் வர்றதுக்கு ஒரு பைப்பு கீது மேடம். மிஞ்சினது டேங்குக்கே திரும்பிப் போறதுக்கு இன்னொண்ணு. திரும்புற பைப்பு அடைச்சிகினா உள்ள பிரஷர் ஏறிடும். எங்க வீக்கா கீதோ அங்க பிச்சிகினு ஒழுவும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் இத்தனை நாளா ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க பார்க்கிற அந்த நீலக் குழாய் இருக்கே, அது திரும்புற பைப்புதான். பிள்ளை பெத்த பொண்ணுங்களுக்கு அதுலதான் அடைப்பு வரும்."

"அது ஏன் மேடம் பிள்ளை பெத்தவங்களுக்கு?"

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போயிடக் கூடாதுன்னு, உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறையிற மாதிரி வச்சுக்கும். அது நல்லதுக்குத்தான். ஆனா அந்த நேரத்துல உடம்புல தண்ணியும் வத்திப்போச்சுன்னா ரத்தம் கெட்டியாகி, தலைக்குள்ள உறைஞ்சுடும். முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி. கவனிக்காம விட்டா வலிப்பு. கை கால் விழுந்துடும்."

"தண்ணி எப்டி மேடம் வத்தும்?"

"வாந்தி, பேதி, காய்ச்சல். இப்படி ஏதாவது இருந்தா."

நான் ஸ்பேனரைத் துடைத்தேன். தண்ணீர் வற்றுவதற்கு இன்னொரு வழி இருப்பது எனக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியவில்லை என்பது அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்வதானால் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்புறம் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அது 1993. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே, என் மாமியாருடைய ஊர். விவசாயக் குடும்பம். என் மனைவிக்கு இருபத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் பிரசவமாகி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்தாம் நாள் குழந்தையைப் பார்க்க நான் போனேன். அவள் உள் அறையில் கட்டிலில் இருந்தாள். நான் கூடத்தில் நாற்காலியில்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும், குழந்தைக்குச் சளி கட்டும், ஜன்னி கண்டுவிடும் என்று பயம். பூண்டும் மிளகும் போட்டுச் சோறு கொடுப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பாலாடை வெந்நீர். குழந்தைக்குப் பால் புகட்டுவதற்கு மூக்கு நீண்ட ஒரு சின்னக் கிண்ணம் இருக்குமே, அதுதான். குழந்தைக்குப் பால் அளந்த அதே பாலாடையில் தாய்க்குத் தண்ணீர் அளப்பார்கள்.

"ஏங்க" என்று அவள் உள்ளேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "அந்தப் பானையிலேந்து ஒரு சொம்பு மொண்டு குடுங்க. நாக்கு ஒட்டிக்கினு கீது."

பானை என்னிடமிருந்து நான்கு எட்டு. பக்கத்தில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, தாகமா? உக்காருங்க, மோர் எடுத்தாரேன்."

பெரிய டம்ளர் நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் உட்கார்ந்து குடித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. என் மனைவி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைக்கும் வரை பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தலைவலி. மாமியார் நெற்றிக்குப் பற்றுப் போட்டார். ஏழாம் நாள் வாந்தி. எட்டாம் நாள் பக்கத்து ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அவள் கையைக் கூடத் தொடாமல், என்னைப் பார்த்துச் சிரித்து, "வூட்ல சண்டையா?" என்றார். ஓர் ஊசி போட்டு அனுப்பினார். ஒன்பதாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளை ஒரு வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, பக்கவாதம் என்று கேட்டு வந்தவர்கள் எல்லாம் பாட்டியையோ தாத்தாவையோ தேடி வேனுக்குள் பார்த்தார்கள்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரி. கால் திரும்பி வந்தது. கை முழுசாக வரவில்லை. தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். ஏன் கட்டியது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் ஆள் இல்லை நான். மாமியாரைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் அந்தப் பாலாடையை ஒவ்வொரு வேளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

எட்டு வருஷம் கழித்துத்தான், ஒரு பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏன் என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வகுப்புகளில் நான் வேறு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். டாக்டரம்மா ஒவ்வோர் ஊரிலும் கேட்பார்: "பிரசவமான பொண்ணுக்குத் தண்ணி நல்லா குடுக்கணும். குடுக்கறீங்க இல்ல?"

"குடுக்கறோம் மேடம்" என்று எல்லாக் கையும் உயரும். அவர் "அடுத்தது" என்பார். நானும் பித்தானை அமுக்கிவிடுவேன். அந்தக் கைகள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர்கள் கொடுப்பது நிஜம். எதால் கொடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நர்சு வேலைக்குப் படித்து வந்த பெண்கள்தான் என்றாலும் அவர்களும் எங்கள் பக்கத்து வீடுகளில் பிறந்தவர்கள். சென்டரில் ஒரு பழக்கம், வீட்டில் ஒரு பழக்கம். அப்படி எத்தனை கூட்டம் கலைந்து போனது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான் மெஷினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

2003இல் திருவிடந்தைக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய நர்சம்மா. ஐம்பதை நெருங்கிய வயது, எப்போதும் முதல் வரிசை. எந்தக் கேள்விக்கும் முதலில் உயர்வது அவர் கைதான். அன்றைக்கும் தண்ணீர் கேள்விக்கு முதலில் தூக்கினார். வகுப்பு முடிந்ததும், தன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக எங்களைக் கூட்டிப் போனார். தோப்பு ஓரமாக வீடு. கடல் சத்தம் கேட்கும். கருவாடு காயும் வாசம் காற்றில் இருந்தது. டாக்டரம்மாவுக்குக் கூடத்தில் இலை. நான் வாசலிலேயே சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சங்கரா மீன் குழம்பு, நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போய்ப் பம்ப் அடித்தேன்.

"யாரு பம்ப்பாண்ட?"

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். தண்ணீர் விழும் சத்தத்துக்குத்தான் அவள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"டிரைவர்மா."

"அண்ணா, ஒரு வாய் தண்ணி குடுங்கண்ணா. அம்மாவாண்ட சொல்லாதீங்க."

ஜன்னலின் வெளி விளிம்பில் ஒரு பாலாடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"கொயந்த பொறந்து எத்தினி நாளாச்சிமா?"

"ஏழு."

"தலை வலிக்குதா?"

"உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

பம்ப்படியில் இருந்த சொம்பில் பிடித்துக்கொண்டு போனேன். ஜன்னல் கம்பிக்குள் சொம்பு நுழையவில்லை. வெளியே நின்று சாய்த்தேன். அவள் உள்ளே இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தாள். பாதி கீழே சிந்தியது. மறுபடி பிடித்து வந்தேன், மறுபடியும். மூன்று சொம்பு. நடுவில் நடுவில் சொன்னாள். நாலு நாளாக வலி, படுத்தால் அதிகமாகிறது, இன்றைக்குக் காலையில் வாந்தி. அம்மா மாத்திரை கொடுத்தது, மாத்திரைக்கும் ஒரு பாலாடைத் தண்ணிதான்.

"அம்மாதான நர்சம்மா?" என்றேன்.

"ஆமாண்ணா."

தண்ணீர் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று வேனுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த அடுத்த இரண்டு நாள் இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வலிப்பு வந்த காலை எனக்கு ஞாபகம் வந்தது. பாலாடையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

கூடத்து வாசலில் நின்றேன். டாக்டரம்மா இலையில் கை வைத்திருந்தார். நர்சம்மா குழம்புக் கரண்டியோடு நிமிர்ந்தார்.

"இன்னா அண்ணாத்த, கொழம்பு போதலயா?"

பாலாடையை நீட்டினேன். நர்சம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது எதுக்கு உன் கையில?"

"மேடம்" என்றேன் டாக்டரம்மாவிடம். "உள்ள பிள்ளை பெத்த பொண்ணு கீது. ஏழு நாள். நாலு நாளா தலைவலி. காலைல வாந்தி. தண்ணி இதாலதான் குடுக்கறாங்க."

"இன்னா பேசற நீ?" நர்சம்மாவின் குரல் ஏறியது. "சோறு போட்ட வூட்ல ஜன்னல் எட்டிப் பாத்துகினு கீறியா? எம் பொண்ணப் பாக்க எனக்குத் தெரியாதா? இருவது வருசமா பிரசவம் பாக்கறேன். நீ வண்டி ஓட்டற வேலையப் பாரு."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் மீதியைச் சொன்னேன். "எங்க வூட்லயும் இப்டித்தான் மேடம். அது தண்ணி கேட்டுச்சு. நான் குடுக்கல. ஒம்போதாம் நாள் கை கால் வுயுந்துட்ச்சு."

டாக்டரம்மா இலையிலிருந்து அப்படியே எழுந்தார். கழுவாத கையோடு உள்ளே போனவர் பாதியில் திரும்பி வந்து கழுவிக்கொண்டு போனார். அவருடைய பையை நான் வேனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணுக்குள் பார்க்கும் விளக்கை வைத்து அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணையும் ரொம்ப நேரம் பார்த்தார். கைகளை நீட்டச் சொன்னார். வெளியே வந்து, "இப்பவே கிளம்பணும். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு" என்றார். நர்சம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேனை வடக்கே திருப்பினேன். பின் சீட்டில் நர்சம்மா மகளின் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். குழந்தை டாக்டரம்மாவின் மடியில். கோவளம் தாண்டினோம். அப்புறம் நர்சம்மா சொன்னார்: "நான்தான் மேடம் மாத்திர குடுத்தேன். காலைல உங்க முன்னாடி கையும் தூக்கினேன்."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. "கேள்வியை நான் சரியா கேக்கலை."

ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது. வலிப்பு வருவதற்கு முன்பே வந்துவிட்டீர்கள் என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பெண் தன் குழந்தையைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஸ்கேன் படத்தை டாக்டரம்மா எனக்கும் காட்டினார். வெளிச்சத்தில் பிடித்து, திரும்புகிற குழாய் எங்கே என்று நானே தேடினேன். அவர் விரலை வைத்தபோதுதான் தெரிந்தது. அவ்வளவு மெல்லியது.

ஆனால் தண்ணீர் கொடுக்காததுதான் காரணம் என்று அப்படியே எழுதிவிடாதீர்கள் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். நன்றாகத் தண்ணீர் குடித்த பெண்ணுக்கும் வருவது உண்டு. ரத்தக் கொதிப்பால் வரலாம், சிலருக்குக் கருத்தடை மாத்திரையால் வரலாம், ரத்தமே அப்படி உறையும் குணத்தோடு பிறந்தவர்களும் இருக்கிறார்கள். பாலாடையில் குடித்து ஆறு பிள்ளை பெற்று நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம். "அதனாலதான் இது யாருக்கும் தெரியாமலே போச்சு. எல்லாருக்கும் வந்திருந்தா என்னைக்கோ கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றார். இதை நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பேன்.

அடுத்த மாதம் வகுப்பு வேறு ஊரில். நர்சம்மாவுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் பஸ் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தண்ணீர் கேள்வியைக் கேட்டதும் வழக்கம்போல எல்லாக் கையும் எழுந்தது. நர்சம்மா எழுந்து முன்னால் போனார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாலாடையை எடுத்துக் காட்டினார்.

"போன மாசம் நானும்தான் கை தூக்கினேன். பொய் சொல்லல. தண்ணி குடுத்தேன், இதால குடுத்தேன். இப்ப சொல்லுங்கடீ, யார் வூட்ல சொம்புல குடுக்கறீங்க?"

ஒரு கை இறங்கியது. அப்புறம் இன்னொன்று. சிரிப்பே இல்லாமல் நான் பார்த்த முதல் கூட்டம் அதுதான். பின் வரிசையில் ஓர் இளம் நர்சு, "எங்க வூட்ல மூணு நாளைக்கு அதுகூடக் கெடையாதுக்கா" என்றாள்.

அன்றிலிருந்து டாக்டரம்மா ஸ்லைடுக்கு முன்னால் மேஜையில் ஒரு பாலாடை, ஒரு டம்ளர், ஒரு சொம்பு வைக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் எது என்று ஒவ்வொருவரும் தொட்டுக் காட்ட வேண்டும். தலைவலி என்று பிள்ளை பெற்றவள் வந்தால் வீட்டில் சண்டையா என்று கேட்கக் கூடாது. எத்தனை நாளாக, படுத்தால் அதிகமா, வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா, கை மரத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். இதில் ஏதாவது ஒரு கேள்விக்கு ஆமாம் என்றாலும் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மாமியார் ஜோக் சொன்ன கம்பவுண்டர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ஒருநாள் மாமல்லபுரத்தில் என் வண்டியைக் கை காட்டி நிறுத்தி, "அண்ணாத்த, நேத்து ஒரு பொண்ண பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சிகீறேன். மேடத்தாண்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, பெருமையை மறைக்கத் தெரியாமல் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

திருவிடந்தையிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முறத்து அரிசியில் இடது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருஷத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கம்பி வழியா ஊத்தினீங்களா?" என்றாள்.

"ஆமா."

"எத்தினி சொம்பு?"

"மூணு."

கொஞ்ச நேரம் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மோரு எப்டி இருந்துச்சின்னு நான் கேக்கவே இல்ல" என்றாள்.

"புளிச்சிப் போயிருந்துச்சி" என்றேன்.

"பொய்யி. எங்கம்மா மோர் புளிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முறத்தை என் பக்கம் தள்ளி, "மீதியப் பொறுக்குங்க" என்று எழுந்து போனாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அரிசி முழுவதும் நான்தான் பொறுக்கினேன்.

அம்மாவின் கை ஏன் அப்படி என்று என் மகளுக்குத் தெரியும். தலைக்குள் ரத்தம் கட்டியது, தண்ணீர் குடிக்க விடவில்லை, இதெல்லாம் பின்னால் எங்கள் வீட்டுக்கு வந்துபோன திருவிடந்தை நர்சம்மா வாயாலேயே கேட்டிருக்கிறாள். மோர் விஷயம் அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை, அவள் அம்மாவும் சொன்னதில்லை. இதைத் திருத்த உட்காரும்போதுதான் படிக்கப் போகிறாள். ஆறு வருஷம் தள்ளிப்போனதற்கு மீதிக் காரணம் அதுதான். டாக்டரம்மா மறுபதிப்பு போடப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நேற்று என் மனைவிதான் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்து, "மோரையும் சேத்து எழுதுங்க. அத வுட்டுட்டா அப்புறம் இன்னாத்துக்கு எழுதறது" என்றாள்.

எழுதிவிட்டேன். நோட்டை மகளுடைய மேஜையில் வைக்கிறேன்.

15 பிப்ரவரி 2009, ஞாயிற்றுக்கிழமை.